ஆலை எதை அறியும்?

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்து எறையூரில் தமிழ்நாடு அரசின் சர்க்கரை ஆலை ஒன்று இருக்கிறது. 1970-களில் தொடங்கியது, நாளொன்றுக்கு 3,000 டன் கரும்பு அரைக்கக்கூடியது. ‘எறையூர் ஆலைக்குச் சர்க்கரை காய்ச்சத் தெரியும்’ என்று ஒருவர் சொன்னால் நாம் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாயாக நிற்பது எது என்று கேட்டுப் பாருங்கள். கட்டடத்துக்குத் தெரியாது, எந்திரத்துக்குத் தெரியாது. தலைமை நிர்வாகி இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகிறவர். தொடக்க காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களோ எப்போதோ ஓய்வுபெற்றுவிட்டார்கள். ஆட்களெல்லாம் மாறிய பிறகும் ஆலை சர்க்கரை காய்ச்சுகிறது. அப்படியென்றால் அறிகிறவர் யார்? அறிவு ஓர் உயிரின் குணம் என்றே நம் சமயங்களில் பெரும்பாலானவை சொல்லி வந்திருக்கின்றன. உயிரற்ற ஒரு பெயர்ப்பலகைக்கு அறிவு உண்டென்று பேசுவது வெறும் உபசார வழக்கா, அல்லது அதற்குப் பின்னால் மெய்யாகவே ஏதேனும் இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி. இதை மேலாண்மைப் படிப்பின் கேள்வியாக எடுத்துக்கொள்வது இன்றைய வழக்கம். எனக்கு இது அளவை நூல்களின், அதாவது அறிவுக்குச் சான்று எது என்று ஆராயும் நூல்களின், கேள்வியாகப் படுகிறது.

ஆலைக்குள் அறிவு எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். வெல்லம் காய்ச்சுகிறவர் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே பாகின் பதத்தை அறிவார். சற்று முந்தினால் வெல்லம் பிடிக்காது, பிந்தினால் கருகும். பெரிய ஆலையிலும் இந்தப் பதம் மறைந்துவிடவில்லை. காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்தில் பாகு காய்கிறது. அதன் முன் நிற்கும் பான்மேன் கொஞ்சம் பாகை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, சர்க்கரை மணி எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது, வேண்டாத பொடிமணிகள் புகுந்துவிட்டனவா என்று பார்ப்பார். அவருக்கு முன்னால் சாற்றின் தூய்மையைச் சோதனைக்கூடத்து வேதியியலாளர் அறிந்திருக்கிறார். அவருக்கும் முன்னால், எந்த வயலின் கரும்பு முற்றியிருக்கிறது என்பதைக் கரும்பு அலுவலரும், அந்த வயலில் எந்த மூலை உவர் நிலம் என்பதை விவசாயியும் அறிந்திருக்கிறார்கள். வெட்டிய கரும்பு எத்தனை மணிநேரம் வெயிலில் கிடந்தது என்பதை வெட்டியவரும் லாரி ஓட்டுநரும் அறிவார்கள். இது அற்ப விஷயம் அல்ல. வெட்டப்பட்ட கணத்திலிருந்து கரும்பின் சர்க்கரை சிதையத் தொடங்குகிறது. ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவது நல்லது என்பதே பொதுவான அறிவுரை. ஆக, சர்க்கரை காய்ச்சும் அறிவு முழுவதையும் ஒரே தலையில் வைத்திருக்கிற மனிதர் எந்த ஆலையிலும் இல்லை.

இதற்குத் தற்காலம் தரும் விடை, எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடு என்பது. கையேடு, கணினி, தரவுத்தளம். வேதியியலாளராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் பொலானி, மனிதனின் தேர்ச்சியில் பெரும்பகுதி சொல்லில் அடங்காதது என்று 1950-களிலும் 60-களிலும் வாதிட்டார். அதை வைத்துக்கொண்டு நொனாகா, தகேயுச்சி என்ற ஜப்பானியர் இருவர் 1995-இல் எழுதிய நூல், சொல்லப்படாத அறிவு சொல்லாகி, சொல் மறுபடி கைப்பழக்கமாகும் சுழற்சியே நிறுவனத்தில் அறிவை உண்டாக்குகிறது என்றது. நல்ல கருத்துதான். ஆனால் இவர்கள் எல்லாரும் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். கேட்டவர் அதை ஏன் நம்பவேண்டும்? நம்பினால் அது அறிவாகுமா, வெறும் நம்பிக்கையாகவே நிற்குமா? பாரத தேசத்துத் தத்துவவாதிகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்ட இடம் இது.

சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியாரை அளவை இயலோடு தொடங்குகிறார். பல அளவைகளைச் சொல்லிவிட்டு, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று முடிக்கிறார். கண்ணால் காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, தக்கவர் சொல்லக் கேட்பது. மூன்றாவதற்கு இலக்கணம் வகுத்ததில் நியாயவாதிகள் முந்தியவர்கள். கௌதமரின் நியாய சூத்திரம், ஆப்தனுடைய சொல்லே உரையளவை என்கிறது. ஆப்தன் யார்? உரைகாரர் வாத்ஸ்யாயனர் விடை சொல்கிறார்: பொருளை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவன். கூடவே ஒரு வாக்கியம் சேர்க்கிறார். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒரேபோல் பொருந்தும் என்பது அது. வருண ஏற்பாட்டில் ஊறிய ஒரு காலத்தில், அறிவுக்குச் சான்று சொல்ல வருகிறவனின் பிறப்பைப் பார்க்காதே என்று ஒரு தர்க்க நூல் எழுதியது. பிற்காலத்தார் அந்த வரியைக் கடைப்பிடித்தார்களா என்பது வேறு கதை. கரும்பு வெட்டுகிறவரின் வாயையும் பொது மேலாளரின் வாயையும் அளவை நூல் ஒரே தட்டில் வைத்துவிட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இதிலிருந்து என் வாதம் புறப்படுகிறது. ஒரு நிறுவனத்துக்கு அறிவு உண்டு என்று பொருளோடு சொல்வதானால், அதன் உறுப்பினர்களின் சொல் ஒருவருக்கொருவர் அளவையாக நிற்கிறது என்பதே அதற்குப் பொருள். தெரிந்தவர் அங்கே இருக்கிறார்; அவருக்குச் சொல்ல விருப்பமிருக்கிறது; பொய் சொல்ல அவருக்குக் காரணமில்லை; கேட்கிறவருக்கு மறுத்துக் கேட்க இடமிருக்கிறது. இந்த நான்கும் கூடிய அளவுக்கு ஆலை அறிகிறது. குறைந்த அளவுக்கு, எத்தனை கணினி வைத்தாலும், ஆலை அறியாது. அறிவைச் சேமித்து வைப்பது இரண்டாம் வேலை. சொல்லைச் சான்றாக்கும் உறவைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

இதற்குச் சான்று தேட எறையூரிலிருந்து நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தோடு வைணவ குருபரம்பரை இணைத்துச் சொல்லும் ஒரு வரலாறு போதும். இன்று காட்டுமன்னார்கோயில் எனப்படும் வீரநாராயணபுரத்து நாதமுனிகள், ஆயிரத்துள் பத்து என்று முடியும் பாசுரங்களை யாரோ பாடக் கேட்டு, மீதி எங்கே என்று தேடிக் குருகூர் போய், நம்மாழ்வாரிடமிருந்து நாலாயிரம் பாசுரங்களையும் பெற்றார் என்பது எல்லாரும் அறிந்த கதை. கூடவே அவர் பெற்ற இன்னொன்றும் உண்டு: யோகம். ஒரே மனிதர், ஒரே மூலம், இரண்டு அறிவுகள். பாசுரங்களுக்கு அவர் பண் அமைத்து, தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவருக்கும் கற்பித்தார். அவை கோயிலில் பாடப்பட்டன, அரையர் மரபாயின. யோகத்தைக் குருகைக்காவலப்பன் என்ற ஒரே சீடரிடம் வைத்தார், பின்னால் பிறக்கப்போகும் தம் பேரனுக்குச் சேர்க்கும்படி. காவலப்பன் கங்கைகொண்ட சோழபுரத்தில் யோகத்தில் அமர்ந்திருந்தார். பேரன் ஆளவந்தார் அவரைத் தேடி வந்தார். இன்ன நாளில் வா, அன்று தருகிறேன் என்று காவலப்பன் நாள் குறித்துக் கொடுத்தார். ஆளவந்தார் இடையில் திருவனந்தபுரத்துக்கு யாத்திரை போனார். அங்கே நாள் குறித்த ஓலையை எடுத்துப் பார்த்தபோது குறித்த நாள் அன்றுதான். காவலப்பன் உடலை விட்டார். யோகம் அவரோடு போயிற்று.

இந்தக் கதையில் காலக் கணக்கு இடிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் இராசேந்திரன் ஏறத்தாழ 1025-இல் எழுப்பிய நகரம். நாதமுனிகளை வரலாற்றாசிரியர்கள் அதற்கு நூறாண்டு முன்னால் வைக்கிறார்கள்; மரபோ இன்னும் முன்னால் கொண்டுபோகிறது. கதை எழுதப்பட்ட காலத்தில் புகழோடு இருந்த ஊரின் பெயரை எழுதியவர்கள் போட்டிருக்கலாம். ஆனால் நம் வாதத்துக்கு ஊரும் நாளும் முக்கியமில்லை. தன் மரபில் எது பிழைத்தது, எது அழிந்தது, ஏன் அழிந்தது என்று ஒரு சமய நிறுவனம் தானே யோசித்து, தன் இழப்பை மறைக்காமல் தன் வரலாற்றுக்குள் எழுதி வைத்திருக்கிறது என்பதுதான் முக்கியம். பல வாய்களில் போடப்பட்டது நின்றது. ஒரு வாயில் வைக்கப்பட்டது, ஒரு நாள் தவறியதால் போயிற்று. தன் தோல்வியை இப்படிப் பதிந்து வைக்கிற நிறுவனங்கள் இன்றும் அதிகமில்லை.

இங்கே ஒரு தடை எழும். யோகம் பாட்டைப் போன்றதல்ல; தகுதி பார்க்காமல் எல்லாருக்கும் கொடுக்கக்கூடியதும் அல்ல. ஓராண்வழி, அதாவது ஒரு குரு ஒரு சீடருக்கே கொடுப்பது, என்ற கட்டுப்பாடு அறிவின் தரத்தைக் காக்கவே வந்தது என்பார்கள். மறைபொருளைச் சொல்லுமுன் திருக்கோட்டியூர் நம்பி இராமானுசரைப் பதினெட்டு முறை நடக்கவிட்டது அதனால்தானே? இந்தத் தடையில் பாதியை ஏற்கிறேன். பான்மேனின் கண்ணை ஒலிபெருக்கியில் ஊருக்கு வழங்க முடியாது. பருவம் பருவமாகப் பக்கத்தில் நின்றுதான் அது வரும். பதினெட்டு முறை நடக்கவைப்பது கேட்கிறவரின் விருப்பத்தைச் சோதிக்கிறது, அது நியாயம். ஆனால் தகுதி பார்ப்பதும் எண்ணிக்கையை ஒன்றாகக் குறுக்குவதும் வேறுவேறு செயல்கள். தகுதியுள்ள பத்துப் பேருக்குக் கற்பித்தால் தரம் கெடுவதில்லை. இராமானுசர் திருக்கோட்டியூரில் அறிவைக் கேட்டவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டார் என்ற கதையைவிட, அவர் எழுபத்துநான்கு சிம்மாசனாதிபதிகளை, அதாவது கற்பிக்கும் ஆசாரியர்களை, ஏற்படுத்தினார் என்ற செய்தியே இந்தத் தடைக்கு நல்ல பதில். அந்த எழுபத்துநான்கு பேரும் யாரோ எவரோ அல்லர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆனால் ஒருவர் யாத்திரை போய்விட்டால் மற்ற எழுபத்துமூன்று பேர் இருப்பார்கள்.

அதே மரபு இன்னொன்றையும் காட்டுகிறது: அறிவு பகிரப்படும்போது மட்டுமல்ல, மறுக்கப்படும்போதும் உண்டாகிறது. இராமானுசருக்குத் திருவாய்மொழியைக் கற்பித்தவர் ஆளவந்தாரின் சீடரான திருமாலையாண்டான். பாடம் நடக்கையில் இராமானுசர் சில இடங்களில் வேறு பொருள் சொன்னார். ஆளவந்தாரிடம் நான் இப்படிக் கேட்டதில்லை, இது விசுவாமித்திர சிருஷ்டி, மரபில் இல்லாத புதுப்படைப்பு என்று கோபித்து ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, இதே பொருளை ஆளவந்தார் சொல்ல நான் கேட்டிருக்கிறேன் என்று சான்று கூறிய பிறகே பாடம் தொடர்ந்தது. இதில் உரையளவையின் முழு இயந்திரமும் ஓடுகிறது. ஆசிரியருக்குத் தாம் கேட்டது மட்டுமே சான்று; மாணவருக்கு ஊகமும் உண்டு; மூன்றாமவர் ஒருவர் இன்னொரு காதின் சாட்சியத்தைக் கொண்டுவருகிறார். ஆளவந்தார் ஐந்து சீடருக்குப் பகுதி பகுதியாகப் பகிர்ந்து வைத்திருந்ததால்தான் அந்த மூன்றாமவர் கிடைத்தார். திருவாய்மொழிக்குப் பின்னால் எழுந்த ஈடு முதலிய உரைகளைத் திறந்தால், ஒரே பாசுரத்துக்கு இன்னார் சொன்ன பொருள் இது, இன்னார் சொன்னது இது என்று பெயரோடு அடுக்கியிருக்கும். குருவின் பொருளும் அதை மாற்றிய சீடரின் பொருளும் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றை அழித்து மற்றொன்றை நாட்டவில்லை. இன்றைய அலுவலகங்களில் திருத்திய சுற்றறிக்கை வந்தவுடன் பழையதைக் கிழித்துப் போடுகிறார்கள். ஏன் மாறியது, யார் மறுத்தார் என்பது அதோடு போய்விடுகிறது.

எழுத்தை இவ்வளவு குறைத்து மதிப்பிடலாமா என்று கேட்பார்கள். சோழர் எழுதி வைத்ததால்தானே சோழரை அறிகிறோம்? அறிகிறோம், உண்மை. ஆனால் எதை அறிகிறோம்? புரவுவரித் திணைக்களம், திருமந்திர ஓலை என்று அலுவலகப் பெயர்களும் பதவிப் பெயர்களும் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வரிசை வரிசையாகக் கிடைக்கின்றன. அந்தத் திணைக்களத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு வயலின் விளைச்சலை எப்படி மதிப்பிட்டார், பொய்க்கணக்கு வந்தால் எதை வைத்துக் கண்டுபிடித்தார் என்பதை அறிஞர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏடு மிஞ்சியது, அதைப் பயன்படுத்தும் அறிவு மிஞ்சவில்லை. இருந்தாலும் சோழர் ஆவணத்தில் ஒரு நுட்பம் உண்டு. அரசன் வாயால் சொன்ன ஆணை ஓலையாகி, வரிக் கணக்கில் ஏறும்வரை, ஒவ்வொரு படியிலும் அதைக் கேட்டவர், எழுதியவர், ஒப்பிட்டவர், பதிந்தவர் என்று அதிகாரிகளின் பெயர்கள் வருகின்றன. ஆணையைவிடப் பெயர்ப் பட்டியல் நீளம் என்று படிக்கிறவர்கள் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கோ அந்தப் பட்டியல்தான் ஆவணத்தின் உயிர்ப்பகுதியாகத் தெரிகிறது. எழுத்து தனியே நிற்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பாளி ஒருவர் நின்றார். எழுத்தை நான் எதிர்க்கவில்லை. யார் சொன்னது என்பதைக் கழித்துவிட்ட எழுத்தைத்தான் சந்தேகிக்கிறேன்.

இதைவிடக் கூரிய தடை பௌத்தரிடமிருந்து வரும். மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் அளவை இரண்டே என்கிறார்: காட்சி, கருத்து. உரை தனி அளவை அல்ல. சொன்னவரின் யோக்கியதையை வைத்து, அவர் சொன்னது சரியாக இருக்கும் என்று ஊகிக்கிறோம், ஆகவே அது ஊகத்தில் அடங்கும் என்பது திக்நாகர் வழி வந்த பௌத்த தர்க்கம். இதன் நவீன வடிவத்தை எல்லாத் தொழிற்சாலையிலும் காணலாம்: ஆள் சொல்வதை நம்பாதே, மானி காட்டுவதை நம்பு. ஆனால் மானி காட்டும் எண்ணும் ஒருவருடைய சொல்தான். மாதிரிச் சாற்றை எந்த உருளையிலிருந்து, எந்த நேரத்தில் எடுத்தார் என்பது எடுத்தவருக்குத் தெரியும். திரையில் எண்ணைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. மானியைச் சரிபார்த்தவரின் கையெழுத்தை நம்பித்தான் மானியை நம்புகிறோம். சொன்னவரின் யோக்கியதையை ஊகிக்கக்கூட முன்பு பலர் சொன்ன பல செய்திகள் வேண்டும். உரையை ஊகத்துக்குள் தள்ளினாலும் அது அந்தப் பக்கமாக மறுபடி வெளியே வருகிறது. ஆளை நம்பாத நிறுவனம் மானியை நம்புவதாக நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அது பெயர் தெரியாத ஆட்களை நம்பிக்கொண்டிருக்கிறது.

வேறு சிலர் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார்கள். அறிவு தனி உயிருக்கே உரியது என்றால், நிறுவனம் அறிகிறது என்பது எப்படிப் பார்த்தாலும் உருவகம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? இதற்குச் சித்தாந்தம் தரும் விடை எதிர்பாராதது. உயிர் அறிவுடையதுதான், ஆனால் தானாக அறியும் ஆற்றல் அதற்கு இல்லை. அறிவித்தால் அறியும், எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும். பார்க்கும் ஆற்றல் கண்ணுக்கு இருந்தாலும் வெளிச்சம் வேண்டும் என்பது அவர்கள் உவமை. சித்தாந்தி இதைச் சொல்வது இறைவனை நிறுவுவதற்காக. அந்த எல்லைக்கு நான் இங்கே போகவில்லை. ஆனால் அவன் விவரிக்கும் உயிரின் நிலை வேலைத்தலத்தில் அப்படியே தெரிகிறது. இருபது ஆண்டுத் தேர்ச்சியுள்ள பான்மேனும், இன்றைய சாறு எந்த வயலிலிருந்து எவ்வளவு தாமதமாக வந்தது என்று யாரும் சொல்லாவிட்டால் பாதி குருடர்தான். தனி மனிதரின் அறிவே பிறர் அறிவிக்க எழுவது என்றால், தனி மனிதருக்கு உண்மையாகவும் நிறுவனத்துக்கு உருவகமாகவும் அதைப் பிரித்துப் பேசுவதற்கு இடம் சுருங்கிவிடுகிறது. அருணந்தியே இதற்குச் சாட்சி. சகல ஆகம பண்டிதர் என்று பெயரெடுத்தவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுரு. வயதில் சிறுவரான மெய்கண்டாரிடம் சீடரானார். மேலே இருந்தவர் கீழே நோக்கிக் காதைத் திருப்பியதால் பிறந்தது சிவஞான சித்தியார்.

இனி ஆலைக்குத் திரும்பி, பொய் சொல்லக் காரணமில்லாமை என்ற நிபந்தனையைப் பார்ப்போம். மற்றவை எளிது, இதுதான் முள். கரும்பு விலை சர்க்கரைக் கட்டுமானத்தோடு, அதாவது கரும்பின் எடையில் எத்தனை விழுக்காடு சர்க்கரையாகக் கிடைக்கிறது என்பதோடு, கட்டப்பட்டிருக்கிறது. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாயமான மற்றும் ஆதாய விலை, 10.25 விழுக்காடு கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டுக்கும் 3.32 ரூபாய் கூட்டப்பட்டது. 9.5-க்குக் கீழே போனாலும் 315.10 ரூபாய்க்குக் குறையாது என்று அறிவிக்கப்பட்டது. இந்தக் கட்டுமானம் ஆலை முழுவதற்கும் ஒரே எண்ணாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு விவசாயி நல்ல கரணை வாங்கி நட்டு, சோகை உரித்து, சரியான முதிர்ச்சிக்குக் காத்திருந்து அனுப்பிய கரும்பும், பக்கத்து வயலில் முற்றாமல் வெட்டிய கரும்பும் அந்த எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. ஆகவே தன் கரும்பின் இனிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை ஆலைக்குச் சொல்லவோ, தெரியாததைத் தெரிந்துகொள்ளவோ அவருக்கு முகாந்திரம் இல்லை. எடைதான் காசு, அதனால் எடையைப் பற்றிய அறிவு வளர்கிறது, இனிப்பைப் பற்றியது தேய்கிறது. மறுபக்கம், ஆலை சொல்லும் கட்டுமான எண்ணைச் சரிபார்க்க விவசாயிக்கு வழியில்லை. எண் உண்மையாகவே இருக்கலாம். அதை நான் ஐயப்படவில்லை. ஆனால் சொல்கிறவருக்கு லாபமும் கேட்கிறவருக்கு நட்டமும் தருகிற ஒரு சொல், கேட்கிறவரால் சோதிக்க முடியாததாகவும் இருந்தால், அது உண்மையாக இருந்துகூட அவருக்கு அளவையாகாது. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912 முதல் இரகங்களை உருவாக்கி வருகிறது. கோ 86032 தமிழ்நாட்டின் பெரும்பரப்பை ஆண்டுக்கணக்கில் ஆண்டது. அங்கே அறிவு விளைகிறது. வயலுக்கும் அரவைக்கும் நடுவில் அது வறள்கிறது.

தொழிலாளி பக்கமும் இதே முடிச்சு. பான்மேன் தன் பதத்தை இளையவனுக்குச் சொல்லித் தரவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை, அந்தப் பதம்தான் அவர் வேலைக்குக் காப்பு என்றால். சொல்லிக் கொடுத்த மறு பருவத்தில் அவரிடத்தில் பாதிச் சம்பளத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளி வருவார் என்று தெரிந்தும் அவர் வாய்திறக்க வேண்டும் என்று கேட்பது, தானத்தைக் கடமையாக்குவது. கற்பிப்பதன் இலக்கணம் சொன்ன நன்னூலார் இதில் வெள்ளந்தி அல்லர். பாடம் கேட்கத் தகுந்தவர்களின் பட்டியலில், வழிபடுகிறவனுக்கும் சொன்னதை ஏற்கும் திறமுடையவனுக்கும் முன்னாலேயே, பொருளை மிகுதியாகக் கொடுக்கிறவனை உட்காரவைத்திருக்கிறார். அறிவைக் கேட்கிற நிறுவனம் அதன் பலனில் பங்கு தரவேண்டும். தராவிட்டால் ஆப்தனின் இரண்டாம் இலக்கணமாகிய சொல்லும் விருப்பம் எங்கிருந்து வரும்?

கடைசியாக ஒன்று. வேதம், ஆகமம், ஆழ்வார் வாக்கு இவற்றுக்காக வகுத்த அளவையைக் கரும்பு ஆலைக்குப் பொருத்துவது முறையா? நியாய சூத்திரமே இதற்கு இடம் தருகிறது. உரையளவையை அது இரண்டாகப் பிரிக்கிறது: காணக்கூடிய பொருளைப் பற்றிய சொல், காணமுடியாத பொருளைப் பற்றிய சொல். மோட்சத்தைப் பற்றி ஒருவர் சொன்னால் இங்கிருந்து போய்ச் சரிபார்க்க முடியாது. அங்கே நம்பிக்கைக்கு அதிகச் சுமை. கரும்புச் சாற்றின் இனிப்பு காணக்கூடிய பொருள். சோதிக்க முடியாத பொருளைக் கையாண்ட சமய மரபே யார் சொன்னார், யார் மறுத்தார் என்று இவ்வளவு கவனமாகப் பதிந்ததென்றால், சோதிக்கக்கூடிய பொருளைக் கையாளும் ஆலைக்குச் சாக்கு குறைவு. கைக்கருவியில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு இனிப்பளவைப் பார்க்கும் முறை முதிர்ச்சிக் கணக்கெடுப்புக்கு வழக்கத்தில் இருப்பதே. அந்த அளவு, எடுத்தவர் பெயரோடும் வெட்டிய நேரத்தோடும் ஒரு சீட்டில் விவசாயி கையில் வரட்டும். அவர் ஒப்பவில்லையென்றால் மறுசோதனை கேட்கும் உரிமையோடு வரட்டும்.

இதிலும் சிக்கல் இல்லாமலில்லை. சராசரி எண்ணுக்குள் ஒரு கருணையும் ஒளிந்திருக்கிறது: உவர் நிலத்திலும் வற்றிய கிணற்றிலும் கரும்பு போடுகிறவரை அது காப்பாற்றுகிறது. வயல்வாரியாக விலை வைத்தால் அவர் கரும்பை விட்டு, இந்த மாவட்டத்தில் ஏற்கனவே கொழிக்கும் மக்காச்சோளத்துக்குப் போய்விடுவார். விலையைச் சராசரியில் வைத்துக்கொண்டு, அறிவை மட்டும் வயல்வாரியாகத் திருப்பித் தரலாமா, இனிப்பு கூடுகிற வயலுக்குத் தனியாக ஊக்கத்தொகை தரலாமா என்பதெல்லாம் ஆலை நிர்வாகம், விவசாயிகள், தொழிலாளர் மூவரும் உட்காரும் முத்தரப்புக் கூட்டத்தில் பேசித் தீர்க்கவேண்டியவை. கரும்பு எப்போது வெட்டப்பட்டது என்பதை நேரே அறிந்தவர், ஊர் ஊராகப் போய் வெட்டுகிற கூலிக்காரர், அந்த மூன்று தரப்பில் எதிலும் இல்லை. வாத்ஸ்யாயனர் அவரையும் ஆப்தன் என்று எண்ணியிருப்பார். கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புகிறவர்கள் இன்னும் எண்ணவில்லை.